பூங்கோதை நிக்கிற இடம்

ஆடு, நல்லா ஆடு, அவசரமில்ல, ஒரு மணி நேரம் உனக்கு, எனக்கும் அதே ஒரு மணி நேரம், டப்பா இந்தப் பக்கம் சாயுது அந்தப் பக்கம் சாயுது, டப்பாவை ஆட்டுற ராக்கர் மெஷினு க்ரீச் க்ரீச்னு கத்துது, எண்ணெய் போடுங்கன்னு எத்தனை வருஷமா சொல்லுதேன், ஒருத்தரும் போடல, நானும் போடல, போட்டுட்டா மத்தியானத்துல இந்த லேப்ல எனக்குப் பேச்சுத்துணைக்கு வேற யாரு இருக்கா. மேல் தட்டுல நம்ம டப்பா. கீழ்த் தட்டுல யாரோ அலுமினியத் தாள் சுத்தி இன்னொரு டப்பாவ வச்சிருக்காங்க, எதிர்த்த லேப் பசங்களாத்தான் இருக்கும், அவங்க ராக்கர் ரிப்பேரு, கேக்காமக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிடுவாங்க, போகட்டும், ஆடுற தொட்டில்ல இன்னொரு புள்ளையும் படுத்துட்டுப் போகட்டும். நம்ம டப்பாவுக்குள்ள கெடக்கிறது கைக்குட்டையில பாதி அளவு வெள்ளைத் தாளு, மெம்ப்ரேன்னு சொல்லுவோம், ஈஸ்ட் செல்லுக்குள்ள இருந்து எடுத்த புரோட்டீனெல்லாம் அதுல எடைவாரியா மேல கீழன்னு பிரிஞ்சு ஒட்டிக் கெடக்கு, கண்ணுக்குத் தெரியாது. தாள்ல மிச்சமிருக்கிற காலி இடத்தையெல்லாம் மொதல்ல எதையாவது பூசி அடைச்சிடணும், இல்லேன்னா பெறகு ஊத்துற மருந்து கண்ட இடத்துல அப்பிக்கிடும், சுவத்துக்கு ப்ரைமர் அடிக்கிற மாதிரிதான். நம்ம ஆராய்ச்சிப் புள்ள நிலோஃபர் அதை மட்டும் எங்கிட்ட ஒப்படைச்சிட்டு ஆபீசுக்குப் போயிருக்கா. நாளைக்குக் காலையில அவ ஆராய்ச்சிக் கமிட்டி உக்காருது, ஹாலுக்குக் கையெழுத்து வாங்கணும், கையெழுத்துப் போடுறவரு சாப்பிடப் போயிருப்பாரு, சாப்பிட்டு வந்தவரு கொட்டாவி விட்டுட்டு இருப்பாரு, அவ பாவம் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பா. எனக்கு என்ன, ஸ்டூலு இருக்கு, ஃபேனு இருக்கு, சன்னல்ல வேப்பமரம் இருக்கு. ஓய்வு குடுத்து, மாலை போட்டு, சந்தன மாலைதான், பூ வாடிடும்னு, போட்டோ எடுத்து, வீடு வரைக்கும் கார்ல கொண்டாந்து விட்டாங்க. மறுநாள் காலையில பஸ் புடிச்சு வந்து லேப் கோட்டை மாட்டிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, பேத்தி பொறந்தாச்சு, இன்னும் என்ன செண்பகம் அந்த மாவு வாடைக்குள்ளன்னு. மாவு வாடையா இது. பொங்கி வர்ற ஆப்ப மாவுக்கும் புது ரொட்டிக்கும் நடுவுல ஒரு வாசம், காலையில இன்குபேட்டர் கதவைத் தொறந்தா மூஞ்சியில வந்து அடிக்கும் பாருங்க, அது எனக்குக் காப்பி மாதிரி. ஈஸ்ட்டும் புள்ளைகுட்டிக்காரிதான், அம்மா செல்லு மேல மொக்கு மாதிரி மக செல்லு கெளம்பி, பெருத்து, பிரிஞ்சு போகும், பிரிஞ்ச எடத்துல அம்மா மேல ஒரு தழும்பு வட்டமா நிக்கும், மைக்ராஸ்கோப்புல தழும்பை எண்ணியே இவ எத்தனை பெத்தவன்னு சொல்லிடலாம். எனக்கு ரெண்டு. ரெண்டும் சிசேரியன், ஆனா ஒரே கோட்டுல, அந்த டாக்டரம்மா கைக்கு வளையல் போடணும்.

எதுல விட்டேன். பூங்கோதை. இன்னைக்கு எல்லாமே பூங்கோதைக்காகத்தான். கோவில்பட்டியில நாங்க காம்பவுண்டு வீட்ல இருந்தோம், ஒரே வாசல், ஒரே பைப்பு, உள்ள வரிசையா குடும்பங்க, அதுல பைப்புக்கு எதிர்த்த வீடு பூங்கோதை அத்தை, சொந்த அத்தை இல்ல, எல்லாருக்கும் அத்தை. எந்த வீட்ல விசேஷம்னாலும் அத்தை சமையக்கட்டு வாசல்ல வந்து நிப்பா. சும்மா நிக்கிறாளேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, எங்கம்மா உள்பட. சமைக்கவும் மாட்டா, பரிமாறவும் மாட்டா, நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டு ஊர்க்கதை பேசுவா. எங்க அக்கா வளைகாப்பு அன்னைக்கு அத்தை சங்கரன்கோயிலுக்குப் போயிட்டா. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உள்ள இருந்து பாத்திரம் பாத்திரமா வெளிய வருது, வந்தது வந்த எடத்துலயே நிக்குது, புளிசாதத்து மேல தயிர்சாதம், அதும் மேல அப்பளக் கூடை, அப்பளம் ஆவி பட்டு நமத்துப் போச்சு, பாயாசத்துல யாரோ கால வச்சு, அது எங்க மாமா காலுன்னு பிற்பாடு விசாரணையில தெரிஞ்சுது, வாசப்படியில ஒரே களேபரம். உள்ள இருந்து என்ன வந்தாலும் கையில வாங்கி, அடியைத் துடைச்சு, மூடி போட்டு, நீ அந்தப் பந்திக்குப் போ, நீ இந்த மூலைக்குப் போன்னு திருப்பி விட்டது அத்தைதான். கதை பேசிக்கிட்டே. வாய் ஓடுனதுனால கை ஓடுனது யாருக்கும் தெரியல. செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு சமையக்கட்டு உண்டு, ரைபோசோம்னு பேரு, புரோட்டீனை அதுதான் சமைக்குது, சமைச்சதை ஒரு சின்ன வாசல் வழியா நூல் மாதிரி வெளிய விடுது. அந்த வாசலைச் சுத்தி யார் யார் நிக்கிறாங்கங்கிறதுதான் எங்க வேலை, அக்கம்பக்கத்து வரைபடம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு புரோட்டீனைப் பிடிச்சேன், பேரு கூட இல்ல, வெறும் நம்பரு. அது இல்லாமலும் செல்லு நல்லாத்தான் வளந்துச்சு. ஆனா கொஞ்சம் சூடு ஏத்திப் பாருங்க, அவ்வளவுதான், புதுசா வந்த புரோட்டீனெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கட்டி கட்டியா, அந்த வளைகாப்பு மாதிரியே. அன்னைக்கே வச்சேன் பேரு, பூங்கோதைன்னு. ஆனா அவ வாசல்லதான் நிக்கிறான்னு காட்டணும்ல. காட்ட முடியல. எதிர்த்த லேப் அருளானந்தம் சாரு பெரிய மைக்ராஸ்கோப்புக்காரரு, ரைபோசோமை உறைய வச்சுப் படம் எடுப்பாரு, அவரு படத்துல பூங்கோதை ஒரு தடவை கூட விழல. உங்க ஆளு அந்தத் தெரு வழியாப் போறப்ப ஒரு வணக்கம் வச்சிட்டுப் போற ஆளு மேடம்னு சிரிப்பாரு. நான் விடல, உங்களது குரூப் போட்டோ சார், பந்தி விசாரிக்கிறவ என்னைக்கு குரூப் போட்டோல வந்து நின்னான்னு கேட்டேன். அந்தாளு ஒரு நாள் பூரா சிரிச்சாரு, ஆனா ஒத்துக்கல. எங்க லேப் சுவத்துல ரைபோசோமைப் பெருசா வரைஞ்சு அக்கம்பக்கத்துப் பேரெல்லாம் எழுதி வச்சிருக்கோம், வாசல் பக்கத்துல ஒரு எடம் மட்டும் வெறுமனே கெடக்கு. கோடு வரட்டும் மேடம், அந்த எடத்துல என் கையாலேயே அந்தம்மா பேரை எழுதுறேன்னு சொல்லியிருக்காரு.

கோடு வரணும். அதுக்குத்தான் நிலோஃபர் கொண்டு வந்த இந்தப் புது வழி. அவ சொன்னப்ப எனக்குச் சட்டுனு புரிஞ்சுது, கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர்ச் சொம்போட ஒரு பொண்ணு நிக்குமே, கிட்ட வர்றவங்க மேல எல்லாம் சளக்குனு தெளிக்கும், நமக்கு வேணுமா வேண்டாமான்னு கேக்காது, எனக்கு எப்பவும் கண்ணாடி மேலதான் விழும். அதே மாதிரி ஒரு தெளிக்கிற புரோட்டீனை ரைபோசோம் வாசல்லயே ஒட்டி வச்சிட்டா நிலோஃபர். பன்னீருக்குப் பதிலா பயோட்டின்னு ஒரு விட்டமின். செல்லுக்கு அதைக் குடுத்து பத்து நிமிஷம், கைக்கெட்டுன தூரத்துல நிக்கிறவங்க மேல எல்லாம் தெளிச்சு முடிச்சிடும், உடனே பனிக்கட்டியில வச்சு நிறுத்திடணும். பெறகு பூங்கோதையை வாலைப் பிடிச்சு, வால்ல முன்னாலயே ஒரு அடையாளம் கட்டி வச்சிருக்கோம், தனியா இழுத்து வெளிய எடுத்து, இவ மேல பன்னீர் வாசம் இருக்கான்னு பாக்கணும். வாசம் இருந்தா தாள்ல அவ எடத்துல ஒரு கோடு ஒளிரும், அப்ப வாசல்ல நின்னவ. சும்மா அங்க இங்க போறப்ப பட்ட பன்னீரா இருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, அருளானந்தம் சாரும் கேட்டாரு, அதுக்குத்தான் இன்னொரு வகை செல்லு, அதுல சொம்பைத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு மண்டபம் முழுக்க அலையும். அந்த வரிசையில பூங்கோதை வெறுமையா இருக்கணும், வாசல் வரிசையில பளிச்சுனு இருக்கணும். ரெண்டும் இந்தத் தாள்ல இருக்கு. திரும்பப் பண்ணலாம்னா வாலைப் பிடிச்சு இழுக்கிற பொடி மணி, கண்ணுக்கு மாவு மாதிரி இருக்கும், அது தீந்து போச்சு, வெளிநாட்டுச் சரக்கு, ஆர்டர் போட்டா மழைக்காலம் முடிஞ்சுதான் வரும். நிலோஃபர் அது வரைக்கும் இருக்க முடியாது, உதவித்தொகை முடிஞ்சாச்சு, அவ வீட்டுக்காரர் வேலை ஓசூர்ல, மகளை அங்க ஸ்கூல்ல சேத்தாச்சு. நாளைக்குக் கமிட்டி முன்னால கோட்டைக் காட்டுனா பூங்கோதை ஒரு தனி அத்தியாயம். காட்டலேன்னா அந்த அத்தியாயத்தைக் கிழிச்சிட்டு மத்ததை வச்சு முடிச்சிட்டுப் போயிடுவா, போய்த்தான் ஆகணும். பூங்கோதை திரும்பவும் வெறும் நம்பரு. அதெல்லாம் ஆகாது. வரும். எனக்கு வயித்துக்குள்ள தெரியுது, பேத்தி பொறக்கிறதுக்கு முன்ன ராத்திரி இப்படித்தான் இருந்துச்சு, பயமுமில்ல சந்தோஷமுமில்ல, யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழட்டுற மாதிரி.

மூக்கு அரிக்குது. அரிச்சா நல்ல சேதின்னு எங்கம்மா சொல்ல மாட்டா, சளி பிடிக்கப் போகுதும்பா. அட, இந்த வாசம். பேத்தியோட வாசம்ல இது, மக வீட்ல பால் டப்பாவைத் தொறந்ததும் ஒரு இனிப்பும் தூசியுமா வரும், ஸ்பூனால வழிச்சுக் கொட்டுறப்ப விரல் எடுக்குல போய் ஒட்டிக்கிடும், இதழினி என் விரலைப் பிடிச்சுச் சப்புவா, பாட்டி விரலுக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரியாம அப்படி ஒரு சிரிப்பு, பல்லில்லாத சிரிப்பு, இப்ப முன்னால ரெண்டு வந்தாச்சு, கடிக்கிறா. ஆனா இது மதுரை. இதழினி இருக்கிறது பெங்களூர்ல. நான் இன்னைக்கு டீ கூடக் குடிக்கலயே. எங்கையில எப்படிப் பால் வாசம். நகத்துக்குள்ள வெள்ளையா. எந்திரி. எந்திரிச்சு டப்பாவைத் தொற. வேண்டாம், தொறக்காமலே தெரியுது. தொற. வெள்ளை. பால். செண்பகவல்லி, என்ன பண்ணி வச்சிருக்க நீ. காலி இடத்தை அடைக்க பிஎஸ்ஏ புரோட்டீன் கரைச்சு ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிருக்கேன் மேம், தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், அதை ஊத்துங்க, பால் மட்டும் வேண்டாம்னு அந்தப் புள்ள சொன்னாளே, நானும் தலையை ஆட்டுனேனே. ஆட்டிக்கிட்டே அவகிட்ட அந்த வளைகாப்புக் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன், பாயாசத்துல கால் வச்ச எடம், அவ சிரிச்சுக்கிட்டே படியெறங்கிப் போனா, நான் சிரிச்சுக்கிட்டே பால் பவுடரைக் கரைச்சிருக்கேன். வாய் ஒரு பக்கம் ஓட, கை அது பாட்டுக்கு அலமாரிக்குப் போய், டப்பாவைத் தொறந்து, ஸ்பூனால அள்ளி. முப்பது வருஷமா இந்தக் கை பால்ல ப்ளாக் பண்ணுன கை, காலி இடத்தை அடைக்கிறதைத்தான் சொல்லுதேன். மத்த எல்லாத்துக்கும் பால் நல்லதுதான். இதுக்கு மட்டும் ஆகாது, ஏன்னா பாலுக்குள்ளயே பயோட்டின் இருக்கு, பால் தானே பன்னீர் பூசிக்கிட்டு வந்து நிக்கிற ஆளு. வாசம் பிடிக்க நாம அனுப்புறவன், பெறகு ஊத்துற மருந்துன்னேனே அவன்தான், பால் கிட்டயே மூக்கை நொழைச்சிட்டு நின்னுடுவான், பூங்கோதை கிட்ட வந்து சேரவே மாட்டான்.

கொட்டு, கொட்டு மொதல்ல. கழுவு. வாசம் பிடிக்கிறவனை இன்னும் ஊத்தல, அந்த மட்டுக்குப் பொழைச்சோம். உப்புத் தண்ணியை ஊத்தி ஆட்டு, கொட்டு, திரும்ப ஊத்து. பால் பாத்திரம் கழுவுனா எத்தனை தண்ணிக்கு அந்த வழவழப்பு போகும், ஒரு தண்ணிக்குப் போகாது, ரெண்டுக்குப் போகாது, தாளு வேற பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சிருக்கும். நிலோவுக்குப் போன் பண்ணணுமா. பண்ணி என்ன சொல்ல, புள்ள நீ அங்கயே உக்காந்து அழுன்னா. இப்ப பிஎஸ்ஏவை ஊத்தி மூடி வச்சிட்டா வந்து பாக்கிறவளுக்குத் தெளிவாத்தான் தெரியும், தண்ணி மாதிரி, யாருக்குத் தெரியும், ஒருத்தருக்கும் தெரியாது, நகத்தைக் கழுவிட்டா முடிஞ்சுது. ஆமா, முடிஞ்சுது. பெறகு கோடு வராமப் போகும். அவ என்ன நினைப்பா, பூங்கோதை வாசல்ல இல்லன்னு நினைப்பா. வாசல்ல நின்னவளை நிக்கலன்னு எழுதிட்டுப் போவா, அருளானந்தம் சாரும் தலையாட்டுவாரு, பெறகு யாரும் தேட மாட்டாங்க. கோடு வரலேன்னா அது ஏன் வரலன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியணும். வெக்கமா இருக்கு, இருக்கட்டும், இந்த வயசுல வெக்கப்பட்டா என்ன குறைஞ்சிடும். இன்னொரு தண்ணி. அத்தையாவது கதை பேசிக்கிட்டே கை வேலையைச் சரியாப் பாத்தா, எனக்கு அந்த வித்தை வரல பாருங்க, வாய் மட்டும் வந்திருக்கு. சிரிப்பு வேற வருது, எதுக்கு வருதுன்னு தெரியல, மாமா காலு, பாயாசத்துல, வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஒத்தக் கால்ல பைப்புக்குத் தாவிப் போனது, முந்திரிப்பருப்பு ஒண்ணு விரல் எடுக்குல. தண்ணியைக் கொட்டு. படியில செருப்புச் சத்தம். அவதான், இழுத்து இழுத்து நடப்பா. சொல்லிடு, அவ உக்காருறதுக்கு முன்னால சொல்லிடு.

சொன்னேன். கையெழுத்துப் போட்ட பேப்பரை விசிறிக்கிட்டே உள்ள வந்தா, நான் ஈரக்கையோட நின்னு, நிலோ, பாலை ஊத்திட்டேன்னு ஒரே மூச்சுல. எட்டி சிங்க்குல வெள்ளையைப் பாத்தா. எம்மூஞ்சியைப் பாத்தா. அவ பேப்பரை மேசை மேல வச்சா, அது பறக்காம இருக்க மேல பேனாவை வச்சா, துப்பட்டாவைப் பின்னால தள்ளுனா, நேரா ராக்கர்கிட்டப் போனா. போய் கீழ்த் தட்டுல கையை விட்டு அந்த அலுமினியத் தாள் சுத்துன டப்பாவை எடுத்து என் முன்னால வச்சா. திருப்பி வச்சா. சுவத்தைப் பாத்து இருந்த பக்கத்துல ஸ்டிக்கரு, நிலோஃபர்னு அவ கையெழுத்து. தாளைப் பிரிச்சா உள்ள தண்ணி மாதிரி தெளிவு, அதுக்குள்ள அதே அளவுல இன்னொரு வெள்ளைத் தாளு.

"பிடிச்சதைப் பாதி பாதியா ரெண்டு தாள்ல ஏத்துனேன் மேம். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். சொன்னா கோச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்கன்னு பயம்னா. பெறகு ரொம்ப சாதாரணமா, ஆர்டர் பேப்பர்ல படிச்சுச் சொல்ற மாதிரி,

"உங்க வாய் கோவில்பட்டிக்குப் போனா, கை பால் டப்பாவுக்குப் போகும் மேம். எனக்குத் தெரியாதா, ஆறு வருஷமா பக்கத்து மேசை."

நான் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். ஒரு மணி நேரமா நான் பாத்துக்கிட்டு இருந்த ஆட்டத்துக்குக் கீழ, ஒரு சாண் தள்ளி, அதே சாய்ப்புல அதே க்ரீச்சுல இதுவும் ஆடிக்கிட்டு இருந்திருக்கு, எதிர்த்த லேப் டப்பான்னு நான் பாட்டுக்குப் புறணி பேசிக்கிட்டு இருந்திருக்கேன். சிரிப்பு வந்துடுச்சு, அடக்க முடியல, அவளும் சிரிச்சா, அழுகை மாதிரியும் இருந்துச்சு, எதுன்னு பிரிக்கத் தோணல. பெறகு வேலை. மருந்து ஊத்தி, ஆட்டி, கழுவி, ரெண்டு புட்டித் தண்ணியைக் கலந்து தாள் மேல விட்டு, கேமரா வச்ச இருட்டுப் பெட்டிக்குள்ள வச்சு அவ கதவைச் சாத்துனா. திரை கறுப்பு. மொதல்ல செல்லோட முழு சாறு ஏத்துன வரிசையில கோடு கெளம்புது, வழக்கமான ஆளுங்க, ஈஸ்ட்டுல எப்பவும் பயோட்டினைப் பூசிக்கிட்டே திரியிற அந்த நாலஞ்சு பேரு, அழைக்காத கல்யாணத்துக்கும் அத்தர் பூசிட்டு வந்து மொதப் பந்தியில உக்காருறவங்க. வாங்க வாங்க, உங்களைப் பாத்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அலையிற சொம்பு வரிசை, வெறுமை, கரித்துணி மாதிரி கறுப்பு. வாசல் வரிசை. ஒண்ணுமில்ல. நிலோஃபர் என் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கா, வளையல் அழுத்துது, வலிக்குது, விடாத. இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் சேரட்டும்னு பட்டனை அழுத்துறா. ஏதோ ஒரு புகை மாதிரி. புகை இல்ல. ஓரம் ரெண்டும் கூரா, நடுவுல தடிச்சு, யாரோ நகத்தால அழுத்திக் கீறுன மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, சரியா அவ எடைக்கு அவ இருக்க வேண்டிய உயரத்துல. நான் அத்தைன்னு கூப்பிட்டுட்டேன் போல. நிலோஃபர் என்னைத் திரும்பிப் பாத்தா.

அருளானந்தம் சாரைக் கூப்பிட ஆள் அனுப்பலாமான்னு கேட்டா, எதுக்கு ஆளு, வராந்தாவுல நின்னு நானே கூப்பிட்டேன், ரெண்டு மாடி தலையை நீட்டுச்சு. அவரு வந்தாரு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுத் திரைக்குக் கிட்டப் போயி பாத்தாரு, அலையிற வரிசையை ரெண்டு தடவை பாத்தாரு, வாசல் வரிசையை ரொம்ப நேரம் பாத்தாரு. என்னோட பால் தாளுக்கும் மருந்து ஊத்திக் காட்டச் சொன்னேன், வேண்டாம் மேம்னா நிலோ, நான் கேக்கல. வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா பனி மூட்டம், அதுக்குப் பின்னால லேசா, நான் கழுவுன கழுவலுக்கு மரியாதையா, அதே எடத்துல அவ நின்னா, ஆவி பறக்கிற சமையக்கட்டு வாசல்ல நின்ன மாதிரியே. அதைப் பாத்ததும் அவரு சிரிச்சாரு. மார்க்கர் கேட்டாரு. சுவத்துப் படத்துக்கிட்டப் போயி மூடியைக் கழட்டி வாயில கடிச்சுக்கிட்டு, எங்க எழுதணும் மேடம், வாசலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னாரு. அதை இன்னும் இந்தத் தாள் சொல்லல சார், கிட்டத்துலன்னு மட்டும்தான் சொல்லுதுன்னு நிலோஃபர் சொன்னா, ஒழுங்கான புள்ள, உள்ளதைத்தான் சொல்லுவா. அவரு என்னைப் பாத்தாரு. எங்கை நகத்துல இன்னும் பால் வாசம். இடது பக்கம் சார்னு சொன்னேன், நிலையில சாஞ்சிருப்பா, கொஞ்சம் எடம் விட்டு எழுதுங்க, கையை வீசிப் பேசுற ஆளு.